பஸ் டிரைவரின் மகன்! ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கின் கதை

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சிறு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு பஸ் டிரைவர். அவருடைய மாதச் சம்பளத்தில்தான் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் செலவு எல்லாம். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள்.

ஒரு நாள் மூத்த பையன் வந்து, "அப்பா, நான் குத்துச்சண்டை கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்கிறான். கொஞ்ச நாளில் இளைய பையனும் அண்ணன் பின்னால் கிளம்பி விடுகிறான்.

தகப்பனார் என்ன சொல்வார்?

"மூக்கையும் பல்லையும் உடைத்துக்கொண்டு வருவதற்கா உங்களைப் பெற்று வளர்த்தேன்? போய்ப் புத்தகத்தை எடுங்கடா!" என்பார். தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அவர்கள் பயப்படுவதில் தப்பு இல்லை. குத்துச்சண்டை ஒரு விளையாட்டுதான். ஆனால் அடிபடாமல் விளையாட முடியாத விளையாட்டு!

வடக்கே, அரியானா மாநிலத்தில், ஒரு பஸ் டிரைவர் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் குத்துச்சண்டைக்குத்தான் போனார்கள். மூத்தவருக்கு அதனால் ராணுவத்தில் வேலை கிடைத்தது. இளையவர் ஒலிம்பிக் பந்தயத்தில் பதக்கம் வாங்கினார். குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதற்குப் பிறகு, கையில் சர்க்கார் உத்தியோகம் இருக்கும்போதே, பணத்துக்குச் சண்டை போடும் மேடையிலும் அவர் ஏறினார்.

அவர்தான் விஜேந்தர் சிங்.

குத்துச்சண்டையால் அவர் பெற்றது என்ன? அதற்காகக் கொடுத்தது என்ன? பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்படும் கணக்கு அது.

மணல் பூமி

டெல்லியில் இருந்து சுமார் 120 கிலோ மீட்டர் தூரத்தில் பிவானி என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே உள்ள கிராமம் காளுவாஸ். 1985-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி விஜேந்தர் அங்கே பிறந்தார்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைகிறது. பிவானி அப்படி அல்ல. மணல் கலந்த பூமி. மழையும் குறைவு. கம்பும் கடுகும்தான் முக்கிய வெள்ளாமை. நிலத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது கஷ்டம். ஆகவே பட்டாளத்திலோ, போலீசிலோ, ரெயில்வேயிலோ ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டால் அந்த வீட்டுக்கு விடிந்தது என்று அர்த்தம்.

விளையாட்டில் பேர் எடுத்த பிள்ளைக்கு அந்த வேலை கிடைக்க வழி உண்டு. பிவானிப் பையன்கள் குத்துச்சண்டைக்குப் போவதன் ரகசியம் இதுதான்!

இதற்கு வழி காட்டியவர் ஹவா சிங். ராணுவத்தில் இருந்தவர். பெரிய எடைப் பிரிவில் சண்டை போட்டவர். 1966-ம் ஆண்டும், 1970-ம் ஆண்டும் பாங்காக் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஓய்வு பெற்றபின் பிவானிப் பையன்களுக்குச் சண்டை சொல்லிக் கொடுத்தார்.

அவருக்குப் பிறகு ஜெகதீஷ் சிங் என்ற பயிற்சியாளர் 'பிவானி பாக்சிங் கிளப்' என்ற கூடத்தை நடத்தினார். இப்படி ஒருவர் பின் ஒருவராக வந்ததால், பிவானிக்கு 'குட்டி கியூபா' என்று பேர் வந்துவிட்டது. கியூபா ஒரு சிறிய தீவு நாடு. ஆனால் குத்துச்சண்டையில் தங்கத்தை அள்ளிக்கொண்டு போகும் நாடு!

தகப்பனாரின் 'ஓவர்டைம்'

விஜேந்தரின் தகப்பனார் அரியானா சர்க்கார் பஸ்சில் டிரைவர். பிள்ளைகளின் படிப்புக்கு வெறும் சம்பளம் போதவில்லை. வேலை நேரம் முடிந்த பிறகும் வண்டி ஓட்டினார். அந்த 'ஓவர்டைம்' பணத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

அண்ணன் முதலில் குத்துச்சண்டைக்குப் போனார். அவரைப் பார்த்துத் தம்பியும் போனார். 1998-ல் குத்துச்சண்டைத் திறமையைக் காட்டி அண்ணன் ராணுவத்தில் சேர்ந்தார். வீட்டுக்கு இரண்டாவது சம்பளம் வந்தது!

அந்தச் சம்பளத்தை அண்ணன் என்ன செய்தார்? தம்பியின் பயிற்சிக்குக் கொடுத்து உதவினார்.

குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்கு மேடையில் நிற்கும் ஒருவர்தான் தெரிவார். அவருடைய ஒவ்வொரு குத்துக்குப் பின்னாலும் ஒரு தகப்பனாரின் தூக்கமும், ஓர் அண்ணனின் சம்பளமும் இருக்கலாம்.

1997-ல் விஜேந்தர் சிறுவர்களுக்கான தேசியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 12 கூட ஆகியிருக்காது, அல்லது அப்போதுதான் ஆகியிருக்கும். 2000-ல் தங்கம் வாங்கினார். படிப்பையும் அவர் விட்டுவிடவில்லை. பிவானியில் உள்ள வைஷ் கல்லூரியில் பட்டப் படிப்பு முடித்தார்.

முதல் தோல்வி

2004-ம் ஆண்டு கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. 18 வயது விஜேந்தர் அங்கே போனார். முதல் சண்டையிலேயே துருக்கி வீரர் முஸ்தபா கரகொல்லுவிடம் 20-25 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றுத் திரும்பினார்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஆனால் கையுறையைக் கழற்றி எறிந்துவிடவில்லை.

2006-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளி வாங்கினார். அதே ஆண்டு கத்தார் நாட்டின் தோகா நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம். இதற்குள் அவருடைய உடம்பும் வளர்ந்தது. எடைப் பிரிவும் மாறியது. 64 கிலோவில் தொடங்கியவர், 69 கிலோவுக்கு வந்து, பிறகு 75 கிலோப் பிரிவில் நிலைத்து நின்றார்.

எடைப் பிரிவு என்பது என்ன? எறும்பும் யானையும் மோதக் கூடாது அல்லவா? கிட்டத்தட்ட ஒரே எடை உள்ளவர்கள்தான் மோத வேண்டும். சண்டைக்கு முன்பு தராசில் ஏற்றி நிறுத்துவார்கள். எடை கூடியிருந்தால் மேடை ஏற முடியாது!

பெய்ஜிங் நகரில்...

2008-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஒலிம்பிக். இந்தியாவில் இருந்து 5 குத்துச்சண்டை வீரர்கள் போனார்கள். அவர்களில் 4 பேர் பிவானிக்காரர்கள்!

முதல் சண்டையில் காம்பியா நாட்டின் பாடு ஜாக் என்பவரை விஜேந்தர் 13-2 என்ற கணக்கில் வென்றார். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

அடுத்து தாய்லாந்து வீரரை 13-3 என்று வென்றார்.

ஆகஸ்டு 20-ந் தேதி கால் இறுதிச் சண்டை. எதிரே நின்றவர் ஈக்வடார் நாட்டின் கார்லோஸ் கோங்கோரா. இடது கைக்காரர். இடது கைக்காரருடன் மோதுவது சிரமம். குத்து எதிர்பாராத பக்கத்தில் இருந்து வரும்.

அந்தக் காலத்தில் ஒலிம்பிக் சண்டைக்கு 4 சுற்று. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம். மேடையைச் சுற்றி 5 நீதிபதிகள் பொத்தான்களுடன் உட்கார்ந்திருப்பார்கள். சரியான குத்து விழுந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே வினாடிக்குள் 3 பேராவது அழுத்தினால்தான் ஒரு புள்ளி!

ஆகவே வேகமாகக் குத்தினால் மட்டும் போதாது. குத்து சுத்தமாக விழ வேண்டும். மூன்று பேர் கண்ணில் பட வேண்டும்.

விஜேந்தர் 9-4 என்ற கணக்கில் ஜெயித்தார்.

அந்த நிமிடமே பதக்கம் நிச்சயம் ஆகிவிட்டது. காரணம் என்ன? குத்துச்சண்டையில் மூன்றாவது இடத்துக்குத் தனியாகச் சண்டை கிடையாது. அரை இறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம் உண்டு.

ஆகஸ்டு 22-ந் தேதி அரை இறுதி. நிஜமான கியூபாவுக்கும் 'குட்டி கியூபா'வுக்கும் சண்டை! கியூபா வீரர் எமிலியோ கொரியா லேசுப்பட்டவர் அல்ல. அவருடைய தகப்பனாரே 1972-ல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அங்கே தங்கம் வாங்கிய தகப்பனாரின் மகன். இங்கே பஸ் டிரைவரின் மகன். 8-5 என்று கியூபாக்காரர் ஜெயித்தார்.

விஜேந்தர் கழுத்தில் வெண்கலப் பதக்கம் விழுந்தது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அதற்கு முன்பு எந்த இந்தியரும் பதக்கம் வாங்கியது இல்லை.

உத்தியோகமும் விருதும்

பதக்கத்தோடு வாழ்க்கையே மாறிவிட்டது. அரியானா போலீசில் அவருக்குத் துணை சூப்பிரண்டு பதவி கிடைத்தது. சர்க்கார் பஸ் ஓட்டியவரின் மகன் சர்க்கார் ஜீப்பில் உட்காரும் அதிகாரி ஆனார்.

2009-ல் இத்தாலியில் மிலன் நகரில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். உலகப் போட்டியில் பதக்கம் வாங்கிய முதல் இந்திய ஆண் வீரர் அவர்தான். அந்த ஆண்டே உலகத் தர வரிசையில் 75 கிலோப் பிரிவில் முதல் இடம்! அதே 2009-ம் ஆண்டுக்கான ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதும், 2010-ல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தன.

2010-ல் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். இறுதிச் சண்டையில் உஸ்பெகிஸ்தான் வீரர் அப்போஸ் அதோயேவ் ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. கணக்கு 7-0!

ஆனால் குத்துச்சண்டையில் கடன் பாக்கி நிற்காது. 2012-ல் லண்டன் ஒலிம்பிக் கால் இறுதியில் அதே அதோயேவ் எதிரே வந்தார். 17-13 என்று விஜேந்தரை வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

2014-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் விஜேந்தர் வெள்ளி வாங்கினார். அந்த ஆண்டு 'பக்லி' என்ற இந்திப் படத்திலும் நடித்தார்.

பதக்கமா? பணமா?

2015-ம் ஆண்டு ஜூன் மாதம். விஜேந்தர் ஒரு முடிவுக்கு வந்தார். இங்கிலாந்தின் 'குவீன்ஸ்பெரி' என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, தொழில் முறைக் குத்துச்சண்டை வீரர் ஆனார். அப்போது அவருக்கு வயது 29.

தொழில் முறைச் சண்டைக்கும் ஒலிம்பிக் சண்டைக்கும் என்ன வித்தியாசம்?

ஒலிம்பிக் சண்டை நாட்டுக்காக. சண்டைக்கு என்று கூலி கிடையாது. பதக்கம் கிடைத்தால் பரிசும் வேலையும் பின்னால் வரலாம்.

தொழில் முறைச் சண்டை பிழைப்புக்காக. ஒவ்வொரு சண்டைக்கும் பணம் பேசி ஒப்பந்தம் எழுதுவார்கள். சட்டை போடாமல் வெற்று உடம்போடு மோத வேண்டும். தலைக் கவசம் கிடையாது. புதியவர்களுக்கு 4 சுற்று. பெரிய பட்டங்களுக்கு 10 அல்லது 12 சுற்று. ஒரு சுற்றுக்கு 3 நிமிடம். அதாவது 12 சுற்று என்றால் 36 நிமிடம் குத்து வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும்!

அந்த நாட்களில் இந்தியக் குத்துச்சண்டையின் நிலைமையும் நன்றாக இல்லை. 2012 டிசம்பரில் உலகச் சங்கம் இந்தியச் சங்கத்தை 'சஸ்பெண்டு' செய்துவிட்டது. 2016-ல் புதிய சங்கம் அமைந்தது.

தொழில் மேடைக்குப் போனதால் விஜேந்தருக்கு ஒரு பெரிய நஷ்டம் உண்டு. அப்போதைய விதிப்படி, தொழில் முறை வீரர்கள் ஒலிம்பிக்கில் சண்டை போட முடியாது. 2016-ல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் ஒலிம்பிக் வர இருந்தது. அந்த வாசலை அவரே சாத்திக்கொண்டார். 2016 ஜூன் மாதம் அந்த விதி மாற்றப்பட்டது. ஆனாலும் அவர் ரியோவுக்குப் போகவில்லை. அங்கே போன இந்தியக் குத்துச்சண்டை வீரர்கள் மூன்று பேரும் பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள்.

உள்ளூரிலும் ஒரு கேள்வி எழுந்தது. போலீஸ் அதிகாரியாக இருப்பவர் பணம் வாங்கிக்கொண்டு வெளியே சண்டை போடலாமா? பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு வரைக்கும் இந்த விஷயம் போயிற்று.

சர்க்கார் உத்தியோகம் என்றால் நம் ஊரில் எப்படிக் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்! அதைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கு உடையும் தொழிலுக்கு ஒருவர் போனால் ஊர் பேசத்தானே செய்யும்?

மான்செஸ்டர் மேடை

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் லீ பியர்டு என்ற பயிற்சியாளரிடம் விஜேந்தர் சேர்ந்தார். 10 ஆண்டுகளுக்கு மேல் பழகிய வித்தையை மாற்றிக்கொள்ள வேண்டி இருந்தது. ஒலிம்பிக் சண்டை என்பது பஸ் பிடிக்க ஓடுவது போல. தொழில் முறைச் சண்டை என்பது உத்திரமேரூரில் இருந்து காஞ்சீபுரத்துக்கு நடந்தே போவது போல. தொடக்கத்திலேயே ஓடிக் களைத்தவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்!

2015 அக்டோபர் 10-ந் தேதி மான்செஸ்டரில் முதல் சண்டை. எதிரி சானி ஒயிட்டிங். மூன்றாவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். விஜேந்தருக்கு வெற்றி.

இப்படி நடுவரே நிறுத்துவதற்கு 'டெக்னிக்கல் நாக் அவுட்' என்று பேர். ஒருவரால் இனித் தற்காத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தால் நடுவர் குறுக்கே புகுந்து நிறுத்துவார். விழுந்தவர் 10 எண்ணுவதற்குள் எழுந்திருக்காவிட்டால் அது 'நாக் அவுட்'.

அடுத்தது அயர்லாந்தில் டப்ளின் நகரம். பிறகு மறுபடியும் மான்செஸ்டர், லிவர்பூல், லண்டன், போல்டன். 2016 மே மாதத்துக்குள் 6 சண்டை. ஆறிலும் வெற்றி! எந்தச் சண்டையும் 5-வது சுற்றைத் தாண்டவில்லை.

டெல்லியில் 10 சுற்று

2016 ஜூலை 16-ந் தேதி. டெல்லி தியாகராஜ் ஸ்டேடியம். சொந்த மக்கள் முன்னால் அவருக்கு முதல் தொழில் முறைச் சண்டை. 'டபிள்யூ.பி.ஓ.' என்ற உலகக் குத்துச்சண்டை அமைப்பின் ஆசிய பசிபிக் பட்டம் ஜெயிப்பவருக்கு உண்டு. எடை வரம்பு 76 கிலோ சொச்சம்.

எதிரி கெர்ரி ஹோப். அனுபவம் உள்ளவர். சண்டை 10 சுற்று.

5 சுற்றுக்கு மேல் போயே பழக்கம் இல்லாத விஜேந்தர் தாக்குப் பிடிப்பாரா? இதுதான் எல்லாருடைய கேள்வியும்.

6-வது சுற்று வந்தது. 7-வது சுற்றும் வந்தது. கால்கள் தளர்ந்தன. ஆனாலும் கை நிற்கவில்லை. 10 சுற்றும் முடிந்து கடைசி மணி அடித்தபோது இருவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது நீதிபதிகளின் சீட்டு! தொழில் முறைச் சண்டையில் ஒரு சுற்றில் ஜெயித்தவருக்கு 10 புள்ளி. தோற்றவருக்கு வழக்கமாக 9 புள்ளி. இரண்டு நீதிபதிகள் 98-92 என்று எழுதி இருந்தார்கள். அதாவது 8 சுற்று விஜேந்தருக்கு, 2 சுற்று ஹோப்புக்கு. மூன்றாவது நீதிபதி 100-90 என்று போட்டிருந்தார். பத்துச் சுற்றும் விஜேந்தருக்கே!

பட்டத்துக்கு உரிய பெல்ட்டு விஜேந்தர் இடுப்பில் ஏறியது.

அதே ஆண்டு டிசம்பரில் தான்சானியா வீரர் பிரான்சிஸ் செக்காவை மூன்றாவது சுற்றில் வென்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

எல்லையில் சமாதானம்

2017 ஆகஸ்டு 5-ந் தேதி பம்பாயில், அதாவது மும்பையில், சீன வீரர் சுல்பிகர் மைமைதியாலியுடன் மோதினார். அப்போது டோக்லாம் எல்லையில் இந்தியப் படையும் சீனப் படையும் எதிர் எதிரே நின்றுகொண்டிருந்த நேரம்.

சண்டை மயிரிழையில் முடிந்தது. இரண்டு நீதிபதிகளின் சீட்டில் விஜேந்தருக்கு ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். சீன வீரரின் பட்டமும் அவர் கைக்கு வந்தது.

ஜெயித்தவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லையில் சமாதானம் வர வேண்டும். அதற்காக இந்தப் பெல்ட்டைச் சீன வீரரிடமே திருப்பிக் கொடுக்கத் தயார் என்று அறிவித்தார்!

மேடையில் மோதினாலும் மனசில் பகை இல்லை. குத்துச்சண்டை கற்றுத் தரும் நல்ல பாடங்களில் இதுவும் ஒன்று.

ஓட்டுப் பெட்டி

2019-ல் போலீஸ் உத்தியோகத்தை விட்டு விலகினார். பாராளுமன்றத் தேர்தலில் தெற்கு டெல்லித் தொகுதியில் காங்கிரஸ் கட்சி சார்பில் நின்றார். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. 2024-ல் பாரதீய ஜனதா கட்சியில் சேர்ந்தார்.

தேர்தல் என்றால் என்ன என்று உத்திரமேரூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது என்றெல்லாம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் எழுதி இருக்கிறது. அந்த விதிகளில் கைப்பலத்துக்கு இடம் இல்லை. மேடையில் ஜெயிக்கிற கை ஓட்டுப் பெட்டியிலும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது!

கப்பல் மேல் விழுந்த குத்து

2017 டிசம்பரில் ஜெய்ப்பூரிலும், 2019-ல் அமெரிக்காவின் நெவார்க் நகரிலும், துபாயிலும் விஜேந்தர் ஜெயித்தார். 12 சண்டை, 12 வெற்றி. தோல்வியே இல்லை.

பிறகு கொரோனா வந்தது. 16 மாதம் அவர் மேடை ஏறவில்லை.

2021 மார்ச் 19-ந் தேதி. கோவாவில் ஒரு கப்பலின் மேல் தளத்தில் மேடை கட்டினார்கள். எதிரி ரஷியாவின் ஆர்திஷ் லோப்சான். விஜேந்தரை விட உயரம். வயதிலும் இளையவர். விஜேந்தருக்கு அப்போது 35 வயது.

நெட்டைக் கையை மீறி உள்ளே புக முடியவில்லை. 5-வது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். தொழில் மேடையில் முதல் தோல்வி!

ஆனாலும் மறுபடி வந்தார். 2022 ஆகஸ்டு 17-ந் தேதி ராய்ப்பூரில் கானா நாட்டு வீரர் எலியாசு சுல்லியை இரண்டாவது சுற்றிலேயே 'நாக் அவுட்' செய்தார்.

2015 முதல் 2022 வரை 14 சண்டை. 13 வெற்றி. அதில் 9 வெற்றி கடைசிச் சுற்றுக்கு முன்பே கிடைத்தது. ஒரு தோல்வி. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று உண்டு. அவர் வென்றவை ஆசியப் பட்டங்கள். உலகப் பட்டத்துக்கான சண்டை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பெய்ஜிங்கில் விஜேந்தரிடம் 13-2 என்று தோற்ற பாடு ஜாக் ஞாபகம் இருக்கிறதா? அவர் 2009-லேயே தொழில் மேடைக்குப் போனார். 2015-ல் உலகப் பட்டம் வென்றார். அதே எடைப் பிரிவில்! அவர் உலகப் பட்டம் வாங்கிய ஆண்டில்தான் விஜேந்தர் தொழில் மேடையில் காலடி எடுத்து வைத்தார்.

வித்தை இருந்தது. காலம் கடந்துவிட்டது. குத்துச்சண்டை வீரனுக்குப் பெரிய எதிரி எதிர் மூலையில் நிற்பவன் அல்ல; வயதுதான்.

சென்னைக்கு வந்த மாவீரர்

வயதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அதற்கு சாட்சி, சென்னை மக்கள் நேரில் பார்த்த ஒருவர்.

1980-ம் ஆண்டு உலகப் புகழ் பெற்ற முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரும் கலந்துகொண்டார். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையை வளர்த்த வடசென்னைக்கு அது திருவிழா. அந்த மேடைகளின் கதையை 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தில் பலரும் பார்த்திருப்பார்கள்.

அலி போட்ட தொழில் முறைச் சண்டை 61. வெற்றி 56. சென்னைக்கு வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி மேடை ஏறித் தோற்றார். 1981-லும் ஏறித் தோற்றார். 1984-ல் அவருக்குப் 'பார்க்கின்சன்' என்ற நடுக்க நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். மின்னலாகப் பாய்ந்த கை நடுங்கத் தொடங்கியது. 2016-ல் காலமானார்.

குத்து வாங்கியதுதான் அந்த நோய்க்குக் காரணமா என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவது மூளைக்குக் கெடுதல் என்பதில் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வேண்டிய கணக்கு

அப்படியானால் பிள்ளைகளைக் குத்துச்சண்டைக்கு அனுப்பவே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. 2012-ல் மணிப்பூரின் மேரி கோமும், டோக்கியோ ஒலிம்பிக்கில் அசாம் கிராமத்துப் பெண் லவ்லினாவும் வெண்கலம் வாங்கினார்கள். ஏழை வீட்டுப் பெண்களுக்கும் இந்த மேடையில் இடம் இருக்கிறது.

ஆனால் விஜேந்தரின் வாழ்க்கையைப் பார்த்து மூன்று காரியங்களைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று: நல்ல பயிற்சியாளர் வேண்டும். சினிமா பார்த்துவிட்டுத் தெருவில் குத்திக்கொள்வது குத்துச்சண்டை ஆகாது. தலைக் கவசம், பல் கவசம், டாக்டர் சோதனை இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது. தலையில் பலமாக அடிபட்டால் டாக்டர் சரி என்று சொல்லும் வரை மேடை ஏறக் கூடாது.

இரண்டு: படிப்பை விடக் கூடாது. விஜேந்தர் கல்லூரிப் படிப்பை முடித்தவர். கை ஓய்ந்தாலும் வேறு வழிகள் அவருக்குத் திறந்தே இருந்தன. 2023-ல் அவர் நடித்த 'கிசி கா பாய் கிசி கி ஜான்' என்ற இந்திப் படம் வேறு எதுவும் அல்ல; நம் அஜித் குமாரின் 'வீரம்' படம்தான்! ஆனால் தோற்று வீடு திரும்பும் எல்லாரையும் சினிமா கூப்பிடாது. புத்தகம்தான் கூப்பிடும்.

மூன்று: குடும்பம் சேர்ந்து நிற்க வேண்டும். பதக்கம் வாங்குகிறவர் ஒருவர்தான். ஆனால் அதற்கு முன்பு எத்தனை விடியற்காலைகள்! எத்தனை டம்ளர் பால்! எத்தனை பஸ் டிக்கெட்டு!

வீரனின் கைக்குப் 15 ஆண்டு, மிஞ்சிப் போனால் 20 ஆண்டுதான் ஆயுசு. அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கைக்கும் சேர்த்து யோசித்து அனுப்புகிற வீட்டில் இருந்துதான் நல்ல வீரன் வருவான்.

காளுவாஸ் கிராமத்து டிரைவர் வேலை நேரம் முடிந்த பிறகும் வண்டி ஓட்டினார். அந்தக் கூலி பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று. அண்ணனின் பட்டாளச் சம்பளம் தம்பியின் பயிற்சிக்குப் போயிற்று. பெய்ஜிங்கில் விஜேந்தர் கழுத்தில் தொங்கிய வெண்கலத்தில் இவர்கள் இருவருக்கும் பங்கு உண்டு!